டயரைத் தின்றது கேம்பர் மட்டுமல்ல

"எந்த கேம்பர் கிட் வாங்கலாம்?" என்று, அதாவது கார்ச் சக்கரத்தின் சாய்வைத் திருத்தும் உதிரிபாகம் கேட்டு, எனக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றோடு ஒரு படமும் வரும். காரைப் பக்கவாட்டில் நின்று எடுத்த படம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு போல்ட்டைக்கூடப் பரிந்துரைக்க முடியாது. எனக்கு வேண்டியது வீல் அலைன்மென்ட் கடையில் அச்சடித்துக் கொடுக்கும் தாள். பலரிடம் அது இருப்பதில்லை. இருக்கிறவர்களும் அதைப் பெட்ரோல் ரசீதுகளோடு மடித்து எங்கோ செருகி வைத்திருப்பார்கள்.

என் சித்தப்பா மகன் கோவையில் ஒரு பழைய ஹோண்டா சிவிக் வாங்கினான். 2006 முதல் 2013 வரை இங்கே விற்ற தலைமுறை, 1.8 லிட்டர் எஞ்சின். புதிதாக வந்த காலத்திலேயே வேகத்தடையில் வயிறு உரசும் என்று பெயர் வாங்கிய கார் அது. முந்தைய உரிமையாளருக்கு அந்த உரசல் போதவில்லை போலிருக்கிறது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அமைப்பு) போட்டு இன்னும் 40 மி.மீ. இறக்கி வைத்திருந்தார். எஞ்சினும் கியரும் நல்ல நிலையில் இருந்தன. பின் டயர்கள் மட்டும் விநோதமாக இருந்தன. வெளியே நின்று பார்த்தால் பாதி ஆயுள் மிச்சமிருப்பதுபோல் தெரியும். லிப்ட்டில் தூக்கி உட்புறம் பார்த்தால் ஓரத்தில் கம்பி எட்டிப் பார்த்தது.

"அண்ணா, பின்பக்கத்துக்கு கேம்பர் ஆர்ம் ஆர்டர் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டான். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் தண்டுதான் ஆர்ம்; நீளத்தை மாற்றிச் சக்கரத்தின் சாய்வைத் திருத்தும் வகையைத்தான் அவன் கேட்டான்.

"டயரைத் தடவிப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. கம்பி தெரியும் ஓரத்தை விட்டுவிட்டு, உள்ளங்கையை டயரின் அகலவாக்கில் உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை ஓட்டச் சொன்னேன். ஒரு திசையில் கை வழுக்கிக்கொண்டு போனது. எதிர்த்திசையில் ரப்பர் விளிம்புகள் ஒவ்வொன்றும் தோலைச் சுரண்டின. கேம்பர் தனியாகத் தேய்த்த டயர் இப்படி இருக்காது. அது ஓரத்தில் மழமழவென்று, எந்தத் திசையில் தடவினாலும் ஒரே மாதிரி இருக்கும். இப்படிச் சுரண்டினால் அங்கே டோ கெட்டிருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் உதிரிபாகம் வாங்குகிறவர்கள்தான் அதிகம். காரின் பின்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம் கேம்பர். மேல்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ். 205/55 ஆர்16 அளவு டயரின் விட்டம் ஏறக்குறைய 632 மி.மீ.; அதில் 1 டிகிரி கேம்பர் என்றால் டயரின் உச்சி அடியைவிட 11 மி.மீ. உள்ளே இருக்கிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு அது. டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக முன்னால் பார்க்கிறதா, உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறதா என்பது. இது கண்ணுக்குத் தெரியாது. அந்த சிவிக்கின் பின்சக்கரம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.2 டிகிரி வெளியே திரும்பியிருந்தது. 16 அங்குல ரிம்மின் இரு விளிம்புகளுக்கு இடையே அது ஒன்றரை மி.மீ. கூட வராது.

அந்த 0.2 டிகிரியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோமீட்டர் நேராகப் போகும்போது டயர் தன் போக்கிலிருந்து மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. கோவையிலிருந்து சென்னை ஏறக்குறைய 500 கி.மீ. போய்ச் சேரும்போது டயர் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் தார்ச்சாலையில் உரசியிருக்கும். திரும்பி வரும்போது இன்னொரு ஒன்றேமுக்கால். நெகட்டிவ் கேம்பர் இருந்தால் எடை உள் ஓரத்தில் விழுவதால் அந்த உரசல் முழுவதும் அங்கேதான் நடக்கும். டயர் எந்த இடத்தில் தேயும் என்பதைக் கேம்பர் முடிவு செய்கிறது. எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதைப் பெரும்பாலும் டோதான் முடிவு செய்கிறது. டோ சரியாக இருந்து, கேம்பர் ஒன்றரை டிகிரி நெகட்டிவில் இருக்கும் கார்கள் டயரைத் தின்னாமல் ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற ஓடுதளத்தில் ஓட்டுகிறவர்கள் 3 டிகிரியை வேண்டுமென்றே வைக்கிறார்கள். வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தரையில் முழுதாகப் படியட்டும் என்று. கேம்பரைப் பார்த்து அலற ஒன்றுமில்லை.

ஆகவே முதலில் தாள். அதை வாசிப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. சில இயந்திரங்கள் டிகிரி, நிமிடக் கணக்கில் அச்சடிக்கும், சில தசமத்தில். −1°30' என்றால் ஒன்றரை டிகிரி. −1.30 என்றால் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். முன்பு ஒரு கடையிலும் பின்பு ஒரு கடையிலும் எடுத்த இரண்டு தாள்களை ஒப்பிட்டு "சர்வீஸ் செய்த பிறகு மாறிவிட்டது" என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பச்சை, சிவப்பு நிறங்களையும் அப்படியே நம்பக்கூடாது. இயந்திரத்தில் இருப்பது தொழிற்சாலை உயரத்துக்கான எல்லைகள். இறக்கிய காரில் சிவப்பு வருவது இயல்புதான். அந்தச் சிவப்பு எவ்வளவு தூரம் எல்லை தாண்டியிருக்கிறது, இடமும் வலமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பவைதான் முக்கியம்.

எங்கள் தாளில் பின்பக்கம் இடது −2°50', வலது −2°35'. முன்பக்கம் −0°55', −0°40'. பின்னால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகச் சாய்ந்திருந்ததால் காரணம் உயரம்தான், வளைந்த பாகம் இல்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது. ஒரு பக்கம் 1 டிகிரி, மறுபக்கம் இரண்டரை என்று வந்திருந்தால் நான் கேம்பர் ஆர்ம் பற்றிப் பேசியிருக்கவே மாட்டேன். சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் பள்ளத்தில் விழுந்து வளைந்திருக்கிறதா, ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா, ஆர்ம்களைத் தாங்கும் சப்ஃபிரேம் நகர்ந்திருக்கிறதா என்று தேடச் சொல்லியிருப்பேன். வளைந்த பாகத்தை வைத்துக்கொண்டு சரிசெய்யும் ஆர்ம் போட்டுத் தாளைப் பச்சையாக்குவது, என்னைக் கேட்டால், வண்டியை வாங்கப்போகும் அடுத்த ஆளை ஏமாற்றும் வேலை.

கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த வண்டியில் பின் கேம்பர் வைக்க முடியாது. டோ மட்டும்தான் வைக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரி. இந்த சிவிக்கில் பின்சக்கர டோவுக்கு எக்சென்ட்ரிக் போல்ட், அதாவது திருப்பினால் ஆர்மை நகர்த்தும் மையம் விலகிய போல்ட், உண்டு; கேம்பருக்கு எதுவும் இல்லை. "அந்த டோவை ஏன் இதுவரை யாரும் வைக்கவில்லை?" என்று கேட்டதற்கு அவர் லைட்டை அந்த போல்ட்டின் மேல் அடித்துக் காட்டினார். புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு போல்ட் துருப்பிடித்து ஒன்றாகிப் போயிருந்தது. ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட் சுழலவில்லை. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வந்தது. துரு நீக்கும் எண்ணெய் அடித்து, சூடு காட்டி, கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். புது போல்ட்டும் புஷ்ஷும் போட்டு டோவை மிகச் சிறிய உள்திருப்பத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. இதற்கே ஒரு நாள் போயிற்று. ஆனால் கேம்பர் ஆர்மை மட்டும் வாங்கி மாட்டியிருந்தால் புது டயரும் அதே வழியில்தான் போயிருக்கும்.

இனி கேம்பர். பின்பக்கம் ஏன் இவ்வளவு சாய்ந்தது, முன்பக்கம் ஏன் சாயவில்லை? இந்தத் தலைமுறை சிவிக்கின் பின்னால் இருப்பது டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் ஆர்ம்கள் பிடிக்கும் அமைப்பு. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட்; அதில் மேல் ஆர்முக்குப் பதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண். டபுள் விஷ்போனில் மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நீளம். சக்கரம் மேலே ஏறும்போது குட்டை ஆர்ம் சிறிய வட்டத்தில் சுற்றி, சக்கரத்தின் உச்சியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வளைவில் இது வரம். கார் வெளிப்பக்கம் சாயச் சாய, சக்கரம் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. உடலை 40 மி.மீ. இறக்கினால், வளைவில் நிற்க வேண்டிய நிலையில் சக்கரம் நாள் முழுவதும் நிற்கிறது. அதுதான் அந்த 2°50'.

இந்த மேல் ஆர்மின் நீளத்தில் சில மி.மீ. எவ்வளவு செய்யும் என்பது ஹோண்டாவுக்கே தெரிந்த விஷயம். 2006, 2007 மாடல் சிவிக்குகளில் பின் டயர் சீராகத் தேயவில்லை என்ற புகார் எழுந்தபோது அமெரிக்காவில் அவர்கள் மாற்றிக் கொடுத்தது இந்த மேல் ஆர்ம்களைத்தான். மேல் இணைப்புக்கும் கீழ் இணைப்புக்கும் நடுவே 300 மி.மீ. இருந்தால், மேல் ஆர்மை 5 மி.மீ. நீட்டினால் 1 டிகிரி நிமிரும். இவ்வளவுதான் கணக்கு.

ஆகவே நமக்கு வேண்டியது நீளம் மாற்றக்கூடிய பின் மேல் ஆர்ம் ஒரு ஜோடி. இந்தக் காருக்கு அது தைவானின் ஹார்ட்ரேஸிலும் கிடைக்கிறது, அமெரிக்காவின் ஸ்கங்க்2-விலும் கிடைக்கிறது. பெயரில்லாத பெட்டிகளில் வருபவையும் ஏராளம். தம்பி நிறம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்க்கச் சொன்னவை வேறு.

முதலாவது, முனையில் என்ன புஷ் இருக்கிறது என்பது. ரோஸ் ஜாயின்ட் எனப்படும் உலோக உருண்டை இணைப்பு ஓடுதளத்தில் அருமையாக இருக்கும். எந்த நெகிழ்வும் இல்லாமல் ஆர்ம் துல்லியமாக நிற்கும். நம் சாலையில் மண்ணும் மழைநீரும் அதற்குள் புகுந்துவிட்டால் டக் டக் என்று தட்டத் தொடங்கும், அந்தச் சத்தம் பின் இருக்கைக்கு அடியிலிருந்தே வரும். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஒரு அச்சில் சுழல்வதை மட்டுமே அது விரும்பும். பல திசைகளில் முறுக வேண்டிய இடத்தில் பிடித்துக்கொள்ளும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் போகும் காருக்குக் கடினமாக்கிய ரப்பர் புஷ் போதும். எதையும் காட்டிக்கொள்ளாமல் வேலை செய்யும்.

அடுத்தது, நீளத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்பது. இரு முனையிலும் எதிரெதிர் மரை வெட்டி, நடுவில் பிடித்துத் திருப்பினால் நீளும், குறையும் என்று அமைந்த ஆர்ம் நல்லது. அலைன்மென்ட் கடையில் காரை நிறுத்திய நிலையிலேயே சரிசெய்யலாம். குழிக்குள் சுழலும் உருண்டை இணைப்பான பால் ஜாயின்ட்டை நீளத் துளையில் நகர்த்தி போல்ட் இறுக்கும் வகையை நான் வாங்க மாட்டேன். வெறும் இறுக்கத்தின் பிடியில் நிற்கும் அமைப்பு அது. பெரிய பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறினால் நகர்ந்துவிடும்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. கேம்பரை நிமிர்த்தினால் டயரின் மேல்பகுதி வெளியே வருகிறது. 1 டிகிரிக்கு 8 முதல் 10 மி.மீ. வரை வரும். இறக்கிய காரில் மட்கார்டின் மடிந்த விளிம்புக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியே அவ்வளவுதான். கேம்பரைப் பூஜ்யமாக்கிவிட்டு, மூன்று பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேகத்தடை தாண்டினால் புது டயரின் தோள்பட்டையை மட்கார்டு சீவி எடுத்துவிடும். அகல ரிம் போட்டவர்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். நாங்கள் −1°30' என்று குறி வைத்தோம். இந்தக் காருக்கு நெகட்டிவ் கேம்பர் சற்று இருப்பதுதான் இயல்பும்கூட.

முன்பக்கத்துக்கு என்ன வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில், கேம்பருக்காக ஒன்றும் வேண்டாம். −0°55' என்பது எந்த டயரையும் தின்னாது. தம்பி இதைக் கேட்டு ஏமாற்றம் அடைந்தான். கூடையில் ஏற்கெனவே கேம்பர் போல்ட் இருந்தது. கேம்பர் போல்ட் கெட்ட பொருள் அல்ல. ஸ்ட்ரட்டை நக்கிளோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, நடுவில் மெலிந்து ஒரு பக்கம் புடைத்த போல்ட்டைச் செருகுகிறோம். திருப்பினால் நக்கிள் சாயும். டயோட்டாவே தலையில் புள்ளி குத்திய, தண்டு மெலிந்த போல்ட்களை இதற்காக விற்கிறது. ஸ்விஃப்ட் போல இரண்டு போல்ட் உள்ள கார்களில் இதுதான் எளிய வழி. மெலிந்த போல்ட் என்பதால் இறுக்க அளவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும், விட்டம் சரியாகப் பொருந்த வேண்டும். ஸ்ட்ரட்டின் உச்சியில் போடும் கேம்பர் பிளேட் வேறு வகை: அது ஸ்ட்ரட்டையும் சக்கரத்தையும் சேர்த்தே சாய்க்கிறது, அதனால் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மாறாது. போல்ட்டில் சாய்த்தால் அந்த இடைவெளி குறையும். பிளேட் பெரும்பாலும் ரப்பர் இல்லாமல் வருவதால் சாலையின் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கில் பேசும். நகரத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

முன்பக்கத்தில் உண்மையில் கெட்டுப்போனது தாளில் அச்சாகாத ஒன்று. ஸ்ட்ரட் உள்ள காரை இறக்கும்போது கேம்பர் அதிகம் மாறுவதில்லை. கீழ் ஆர்மின் கோணம்தான் மாறுகிறது. நேராகவோ வெளிமுனை சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டிய ஆர்ம், வெளிமுனை உயர்ந்து நிற்கிறது. அதோடு ரோல் சென்டர் என்னும் புள்ளி கீழே போய்விடுகிறது. கார் வளைவில் சாயும்போது எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சாய்கிறதோ அது. 40 மி.மீ. இறக்கினால் காரின் எடை மையம் அந்த அளவே இறங்கும்; ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால், காரைச் சாய்க்கும் நெம்பு நீள்கிறது. இறக்கினால் வளைவில் நன்றாக நிற்கும் என்று நினைத்துச் செலவழித்தவர்கள் முன்னைவிட அதிகமாகச் சாயும் காரை வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு அதை மறைக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுகிறார்கள். போதாக்குறைக்கு, ஆர்ம் ஏற்கெனவே மேல்நோக்கி நிற்பதால், சக்கரம் இன்னும் ஏறும்போது நெகட்டிவ் கேம்பர் குறையத் தொடங்கிவிடும்; வளைவில் டயர் வெளி ஓரத்தில் நடக்கும்.

இதற்கு மருந்து கேம்பர் கிட் அல்ல. தண்டு நீண்ட கீழ் பால் ஜாயின்ட். அது ஆர்மின் வெளிமுனையைக் கீழே இறக்கிக் கோணத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அதைப் போடும்போது, சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராடின் முனையையும் அதற்கேற்ப இறக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். ரிம்முக்குள் அந்த நீண்ட தண்டு இடிக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; சிறிய ரிம்மில் இடிக்கும்.

பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே குறுக்குச் சட்டத்தில் இணைக்கும் டார்ஷன் பீம் உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு, அதாவது ஸ்விஃப்ட், போலோ வகையறாவுக்கு, இந்த ஆர்ம் கதை எதுவும் பொருந்தாது. அங்கே சாய்க்க ஆர்மே இல்லை. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஆப்பு வடிவத் தகடு வைத்துத்தான் கேம்பரையும் டோவையும் திருத்த முடியும். நல்ல செய்தி, இறக்கினாலும் அந்தப் பின்சக்கரங்கள் பெரிதாகச் சாய்வதில்லை.

தம்பியிடம் நான் முதலில் சொன்ன யோசனை இது எதுவும் இல்லை. காயில்ஓவரின் வளையத்தைத் திருப்பிக் காரை 15 மி.மீ. உயர்த்து என்றேன். பின் கேம்பர் கணிசமாகக் குறையும், முன் ஆர்மின் கோணம் மீளும், காசு செலவே இல்லை. "அண்ணா, அப்படியென்றால் இறக்கியதாகவே தெரியாதே" என்றான். கடைசியில் 10 மி.மீ.க்குச் சம்மதித்தான். சட்டத்தையும் சொல்லி வைத்தேன்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை வைத்து, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் காரின் அடியில் எட்டிப் பார்க்கும். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

மாட்டும்போது ஒரே ஒரு விஷயத்துக்காக நான் கடையிலேயே நின்றேன். ரப்பர் புஷ் உள்ள ஆர்மைக் கார் லிப்ட்டில் தொங்கும்போது முழுதாக இறுக்கக்கூடாது. அப்போது சக்கரம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். உயரத்தையும் அது சற்றுத் தூக்கிப் பிடிக்கும், சில மாதங்களில் கிழியும். சக்கரத்தின் அடியில் எடை விழும்படி காரை நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, பிறகுதான் கடைசி இறுக்கு. பல கடைகளில் இதற்குப் பொறுமை கிடையாது. இந்தக் கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்தார்.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் தம்பியை உட்கார வைத்துக் கேம்பரை முதலில் வைத்தோம், டோவைக் கடைசியாக. வரிசை இதுதான். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு முறை வேலை. பின்பக்கம் −1°35', −1°30' என்று நின்றது. ஆர்ம்களின் லாக் நட்டை இறுக்கியபின் நட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவிட்டேன். காற்று நிரப்பப் போகும்போதெல்லாம் குனிந்து அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கோடு முறிந்திருந்தால் ஆர்ம் நகர்ந்திருக்கிறது. அன்றைக்கே அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும்.